தாங்கியில் எவ்வளவு தண்ணீர்? மூன்று வீடுகளுக்கு எடுத்த மூன்று முடிவுகள்

போன வருடம் தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் குடும்பத்தில் மூன்று இடங்களுக்குத் தாங்கியின் நீர்மட்டம் பார்க்க வழி செய்ய வேண்டி வந்தது. எல்லாம் திருகோணமலைப் பக்கம்தான். உவர்மலையில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீடு. உப்புவெளியில் அக்கா வீடு. நிலாவெளியில் சித்தப்பா உல்லாசப் பயணிகளுக்கு விடும் ஆறு அறைகள். மூன்றுக்கும் ஒரே சாமானை வாங்கிப் பூட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரிக்க விசாரிக்க, மூன்றுக்கும் மூன்று விதமாகத்தான் முடிவெடுக்க முடிந்தது. ஏன் அப்படி என்பதை எழுதிவைத்தால் இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

எல்லாம் அம்மா வீட்டு மோட்டர் எரிந்ததில் தொடங்கியது. வீடு மேட்டில் இருப்பதால் பகலில் குழாயில் அழுத்தம் குறைவு, இரவில்தான் தண்ணீர் நன்றாக ஏறும். நிலத்துக்குக் கீழே கட்டிய சீமெந்துத் தாங்கியில் அது இரவு முழுக்கச் சேரும். காலையில் மோட்டரைப் போட்டு ஸ்லாப்பில் இருக்கும் 1000 லீற்றர் தாங்கிக்கு ஏற்றுவார்கள். ஆவணியில் ஒரு நாள், முந்தின இரவு கீழே தண்ணீர் சேரவில்லை என்பது தெரியாமல் அம்மா மோட்டரைப் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். கீழ்த் தாங்கி வற்றி, மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அதில் கை வைக்க முடியவில்லை, ரப்பர் கருகிய மணம். மோட்டரின் தண்டில் தண்ணீர் கசியாமல் பிடித்து நிற்கும் சீலைக் குளிர வைப்பதே தண்ணீர்தான். அது இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே சீல் சூடாகித் தேய்ந்து போகும். எங்களுடையது சீலோடு நிற்காமல் சுருளையும் எரித்துவிட்டது.

அதுவரை எங்கள் கவலையெல்லாம் மேல் தாங்கி வழிவதைப் பற்றித்தான். "தம்பி, தண்ணி வழியுது, மோட்டரை நிப்பாட்டு" என்ற குரல் கேட்டு வளர்ந்தவன் நான். கீழே வற்றுவதை யாரும் கவனித்ததில்லை.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேண்டும்

தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு சாமான் வேண்டும் என்று கடைக்குப் போனால், சுவிட்சிலிருந்து போனில் தெரியும் கருவி வரை எல்லாவற்றையும் காட்டுவார்கள். ஆனால் நமக்குள்ளே இருப்பது இரண்டு வெவ்வேறு கேள்விகள். மோட்டர் சரியான நேரத்தில் தானாக நிற்க வேண்டுமா? அல்லது இருக்கிற தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று தெரிய வேண்டுமா?

முதலாவதற்கு எண் தேவையில்லை, நிரம்பிவிட்டது, வற்றிவிட்டது என்ற இரண்டு நிலை தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு எண் வேண்டும், ஆனால் அது சதவீதமாக இருந்து பிரயோசனமில்லை. "40 சதவீதம்" என்றால் அம்மாவுக்கு என்ன விளங்கும்? "நாளைக் காலை வரை காணும்" என்றால் விளங்கும். போனில் அழகாகப் படம் காட்டும் கருவியை வாங்கிப் பூட்டிவிட்டு, மோட்டர் நிற்பதற்கு ஒரு வழியும் செய்யாமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் மோட்டர்ப் பாதுகாப்பு முதலில், எண் பிறகு.

எண்ணை நாளாக மாற்றும் கணக்கு சின்னது. தாங்கியைச் சுற்றி ஒரு கயிறு பிடித்துச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 12,570 ஆல் வகுத்தால், 1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு எத்தனை லீற்றர் என்று வரும். அம்மா வீட்டு மேல் தாங்கியின் சுற்றளவு 346. கணக்குப் பார்த்தால் சென்ரிமீற்றருக்கு 9.5 லீற்றர். இரண்டு பேர், கொஞ்சம் பூமரங்கள், ஒரு நாளைக்கு 250 லீற்றர் போகிறது. ஆக ஒரு நாள் என்பது ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர். சதுரத் தாங்கிக்கு இன்னும் சுலபம். 2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம் உள்ள கீழ்த் தாங்கியில் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் 30 லீற்றர்.

உருளைத் தாங்கியைப் படுக்கையாக வைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். நடுவில் அகலம், மேலும் கீழும் ஒடுக்கம். உயரத்தில் கால்வாசி தண்ணீர் தெரிந்தால் உள்ளே இருப்பது கொள்ளளவில் ஏறக்குறைய 20 சதவீதம். பத்தில் ஒரு பங்கு உயரம் என்றால் 5 சதவீதம்தான். சித்தப்பாவின் இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. கடைசிக் கொஞ்சம் திடீரென்று தீர்ந்துபோகிறது என்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

கண்ணால் பார்க்கும் வழிகள்

ஒன்றும் வாங்காமலே மட்டம் பார்க்கலாம். தாங்கியைத் தட்டினால் தண்ணீர் உள்ள இடத்தில் சத்தம் அடங்கிக் கேட்கும், வெறும் இடத்தில் பறை போலக் கேட்கும். கறுப்புத் தாங்கி என்றால் மதியம் ஒரு மணிக்கு உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். சுடுகிற பிளாஸ்டிக் ஒரு கோட்டுக்குக் கீழே சட்டென்று குளிரும். அந்தக் கோடுதான் மட்டம். செலவில்லை, பழுதாவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஏணி ஏற வேண்டும். அப்பாவுக்கு 74 வயது. அந்த வீட்டுக்கு இந்த வழியைத் தள்ளிவைக்க அது ஒன்றே போதும்.

அடுத்தது லெவல் குழாய். மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அதே தெளிவான குழாய்தான். தாங்கியின் அடியில் ஒரு டீ (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) போட்டு அதில் இந்தக் குழாயைப் பூட்டி, தாங்கியோடு சேர்த்து மேலே கொண்டுபோய், நுனியைத் தாங்கி வழியும் மட்டத்துக்கும் மேலே திறந்து விட்டால், உள்ளே எவ்வளவு உயரமோ குழாயிலும் அவ்வளவு உயரம். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாளிலும் இது வேலை செய்திருக்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தவிப்பது மோட்டர் போட முடியாத நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஊமையாகிவிடும் கருவியை நான் முதல் கருவியாக வைக்க மாட்டேன்.

லெவல் குழாயில் கவனிக்க வேண்டியவை சில உண்டு, இவற்றைத் தெரியாமல் பூட்டித்தான் பலர் ஆறு மாதத்தில் கழற்றி எறிகிறார்கள். தெளிவான குழாயில் வெயில் பட்டால் இரண்டு மூன்று கிழமையில் பாசி பிடிக்கும், பிறகு பச்சைக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை நீளவாட்டில் ஒரு பிளவு விட்டு அறுத்து, லெவல் குழாயை அதற்குள் வைத்துப் பிளவை வீட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டால் வெயில் பெரும்பாலும் தடைபடும். இன்னொன்று, வெயிலில் காய்ந்த குழாய் ஒரு நாள் வெடிக்கும். வெடித்தால் தாங்கி முழுவதும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே வடிந்துவிடும். அதனால் அடியில் ஒரு சின்ன வால்வ் அவசியம். பார்க்கும்போது திறந்து, பார்த்தபின் மூடுவது நல்ல பழக்கம். மூடியிருந்தால் குழாய் பழைய மட்டத்தையே காட்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குளியலறைக்குப் போகும் குழாயிலேயே டீ போட்டிருந்தால், யாராவது குளிக்கும்போது மட்டம் குறைத்துக் காட்டும். தண்ணீர் ஓடும்போது அழுத்தம் இறங்குவதுதான் காரணம். முடிந்தால் தாங்கியிலேயே தனியாக ஒரு துளை போட்டு எடுப்பது நல்லது.

மேல் தாங்கியின் லெவல் குழாய் முற்றத்தில் நின்றால் தெரியுமா என்று சந்தேகப்பட்டேன். குழாய்க்குள் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மணியை மிதக்க விட்டதும் தெரிந்தது. அம்மா கியூட்டெக்ஸ் நகப்பூச்சு எடுத்துப் பி.வி.சி. உறையில் 26 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக நான்கு கோடு போடச் சொன்னார். அடிக்கோட்டில் மணி நின்றால் ஒரு நாள், அதற்கு மேல் கோட்டில் நின்றால் இரண்டு நாள். தாங்கியோடு வந்த தாளில் இருந்த எந்த அளவையும் விட அந்த நான்கு கோடு அவருக்கு உபயோகம்.

மூன்றாவது வழி மிதவையும் கப்பியும். தாங்கிக்குள் ஒரு மிதவை, அதில் கட்டிய நூல் கப்பியில் ஏறி வெளியே வந்து ஒரு குண்டைத் தொங்கவிடும். தண்ணீர் ஏறினால் வெளியே குண்டு இறங்கும், அதனால் அளவுகோலைத் தலைகீழாக எழுத வேண்டும். கடைகளில் கிடைக்கும் சணல் கயிறும் பருத்தி நூலும் எங்கள் உப்புக் காற்றில் நீடிக்காது. மீனவர்கள் பாவிக்கும் தங்கூசி என்ற நைலோன் இழை இருக்கிறதே, அதுதான் இதற்கு ஏற்றது. கப்பியும் இரும்பாக இருக்கக் கூடாது. கச்சான் காலத்தில் குண்டு காற்றில் ஆடி அடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே அதைத் தெளிவான குழாய்க்குள் விட வேண்டும். உயரமான தூணில் இருக்கும் தாங்கிக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: நூலை நீட்டிக் குண்டைக் கண் மட்டத்துக்கே இறக்கிவிடலாம்.

நிலத்தடித் தாங்கிக்கு இதிலும் எளிமையான ஒன்று இருக்கிறது. மூடியில் ஒரு குழாயைச் சொருகி, அதற்குள் வழுக்கும்படி ஒரு மெல்லிய பி.வி.சி. குச்சியை விட்டு, குச்சியின் அடியில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் மிதவை ஒன்றைப் பூட்டுவது. தண்ணீர் ஏற ஏறக் குச்சி மூடிக்கு மேலே வளரும். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சமையலறையில் அழுத்தமானி வைக்கலாமே என்று அக்காவின் மகன் கேட்டான். நல்ல யோசனைதான், 1 மீற்றர் தண்ணீருக்கு 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) அளவு அழுத்தம் வரும். ஆனால் தாங்கிக்குள் நிரம்பியதற்கும் வற்றியதற்கும் வித்தியாசமே 1 மீற்றர் சொச்சம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 பார் மானியில் ஊசி அசைந்ததே தெரியாது. 1 பாருக்குள் அளக்கும் மானி கிடைத்தால், எல்லாக் குழாயும் மூடிய நேரத்தில் பார்த்தால், சரிவரும்.

நுளம்பு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னவை, இனிச் சொல்லப் போகிறவை எல்லாவற்றுக்கும் தாங்கியில் ஏதோ ஓர் ஓட்டை போட வேண்டும். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். டெங்கு நுளம்புக்குச் சாக்கடை வேண்டாம், நாம் குடிக்கச் சேர்த்து வைக்கும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக அதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். முட்டை காய்ந்த சுவரில் மாதக் கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

ஆகவே லெவல் குழாயின் திறந்த நுனிக்கு நுளம்பு வலை. தங்கூசி போகும் துளைக்கு ஒரு ரப்பர் வாஷர். வயர் போகும் துளைக்குச் சிலிக்கோன். வழியும் குழாயின் வாய்க்கும் வலை. மூடியைத் திறக்காமல் மட்டம் பார்க்க முடிவதே ஒரு லாபம், ஏனென்றால் தினமும் திறக்கிற மூடி ஒரு நாள் சரியாக மூடப்படாமல் கிடக்கும். தாங்கி வழிந்து ஸ்லாப்பில் தேங்கும் தண்ணீரும் அதே கணக்கில்தான் சேரும்.

மோட்டரைத் தானாக நிறுத்துவது

போல் வால்வை முதலில் தள்ளிவிடுவோம். குழாய்த் தண்ணீர் நேரடியாக வந்து நிரம்பும் தாங்கிக்கு அது சரி, மிதவை ஏறியதும் அடைத்துக்கொள்ளும். மோட்டர் ஏற்றும் தாங்கியில் அதை மட்டும் நம்பினால், வால்வ் அடைபட்ட பிறகும் மோட்டர் முக்கிக்கொண்டு ஓடும், உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகும். மட்டம் எவ்வளவு என்றும் அது சொல்லாது.

வேலைக்கு ஆகும் சாமான் புளோட் சுவிட்ச். ஒரு கத்தரிக்காய்ப் பருமனில் பிளாஸ்டிக் மிதவை, வயரின் நுனியில் தொங்கும். தண்ணீர் ஏறினால் நிமிரும், இறங்கினால் தலைகீழாகும், உள்ளே உருளும் குண்டு சுவிட்சை மாற்றும். வயரைப் பாரக் குண்டால் பிடித்த இடத்திலிருந்து மிதவை வரை எவ்வளவு நீளம் விடுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் எந்த மட்டத்தில் மோட்டர் போடும், எந்த மட்டத்தில் நிற்கும் என்ற இடைவெளி அமையும். மிகக் குறுக்கி விட்டால் ஒவ்வொரு வாளி எடுக்கும்போதும் மோட்டர் போட்டு நிற்கும். நீட்டி விட்டால் 500 லீற்றர் தாங்கிக்குள் சுவரிலோ வேறு குழாயிலோ சிக்கிக்கொள்ளும். பூட்டியபின் ஒரு முறை முழுதாக வற்ற விட்டு, முழுதாக நிரப்பிப் பாருங்கள்.

அம்மா வீட்டைப் போல இரண்டு தாங்கி இருந்தால் இரண்டு சுவிட்ச். மேலே உள்ளது நிரம்பினால் நிறுத்தும், கீழே உள்ளது வற்றினால் நிறுத்தும். இரண்டையும் ஒரே பாதையில் தொடராகப் பூட்டினால், மேலே இடமும் கீழே தண்ணீரும் இருந்தால் மட்டுமே மோட்டர் ஓடும். அன்றைக்கு எரிந்த மோட்டரை இந்த ஒரு சுவிட்ச் காப்பாற்றியிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 230 வோல்ட்டை நேராக இந்த மிதவை வழியாகக் கொண்டுபோகாதீர்கள். அப்படிப் பூட்டுவதுதான் மலிவு, அப்படித்தான் நிறையப் பேர் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த வயர் குடிக்கிற, குளிக்கிற தண்ணீருக்குள் வருடக் கணக்கில் ஊறிக் கிடக்கிறது. ஒரு நாள் அதன் தோல் வெடிக்கும். ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வைத்து 12 அல்லது 24 வோல்ட்டை மிதவைக்கு அனுப்பி, அது ஒரு கொன்டக்டரை (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை) இழுக்க, கொன்டக்டர் மோட்டரைப் போட வேண்டும். கூடுதல் செலவு அந்த இரண்டு சாமானுக்கும் ஒரு பெட்டிக்கும்தான். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமர்த்திப் பார்ப்பதும் அதே நாளில் செய்ய வேண்டிய வேலை.

இன்னொரு வகை, தாங்கிக்குள் தொங்கும் கம்பிகள். தண்ணீர் எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அதற்குரிய சின்ன விளக்கு எரியும், நிரம்பினால் மணி அடிக்கும். ஐந்து விளக்கு வைத்த பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, சமையலறைச் சுவரில் பார்க்கவும் நல்லாக இருக்கும். ஆனால் மலிவான பெட்டிகள் நேர் மின்னோட்டத்தை விடாமல் அனுப்பும். செப்பு வயர் நுனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சையாகிக் குடிநீரில் கலக்கும். வாங்குவதென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி உள்ளதா, மாறு மின்னோட்டத்தில் வேலை செய்வதா என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீருக்கு இது எனக்கு நம்பிக்கையில்லை. உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கில் படிந்த ஈரமே போதும், வெறும் தாங்கியும் நிரம்பியதாகக் காட்டும். அக்காவின் அயல் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை இப்படித்தான் ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தன, குழாயில் காற்றுத்தான் வந்தது.

போனில் பார்ப்பது

சித்தப்பா கேட்டது இதைத்தான். "நான் ரவுணில நிக்கேக்க அங்க தண்ணி இருக்கா எண்டு தெரியோணும்." நியாயமான தேவை. எங்கள் கரையில் உல்லாசப் பயணிகள் வரும் காலமும் மழை இல்லாத காலமும் ஒன்றுதான், மே முதல் செப்ரெம்பர் வரை. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் போய் உப்புத் தண்ணீரில் முக்குளித்து வருகிறவர்கள் எல்லோரும் பிற்பகல் ஒரே நேரத்தில் குளிப்பார்கள்.

இதற்கு அதிகம் விற்பது ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் சென்சர். தாங்கியின் மூடியில் கீழ்நோக்கிப் பூட்ட வேண்டும், தண்ணீரைத் தொடாது, அதனால் உப்போ ஊத்தையோ அதைப் பாதிக்காது. 40 கிலோஹேர்ட்ஸ், காதுக்குக் கேட்காது. சொல்லிக்கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் வெயிலில் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். ஒலியின் வேகம் 30 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 349 மீற்றர், 50 பாகையில் 360 மீற்றர். மதியத்தில் கறுப்புத் தாங்கியின் மேல்பாகத்தில் இருக்கும் காற்று நன்றாகவே சூடாகிவிடும். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத கருவி என்றால், 1 மீற்றர் வெறுமையில் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் பிழை, அம்மா வீட்டுத் தாங்கியில் அது ஏறக்குறைய 30 லீற்றர். சகிக்கக்கூடியதுதான்.

சகிக்க முடியாதது வேறு. நீர் புகாத வகைச் சென்சர்களுக்கு 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும் தண்ணீர் சரியாகத் தெரியாது. மூடியிலேயே பூட்டினால், தாங்கி நிரம்பும் நேரத்தில், அதாவது சரியாகச் சொல்ல வேண்டிய நேரத்தில், பிழையான எண் வரும். மூடிக்கு மேலே ஒரு குழாய் நட்டு அதன் தலையில் பூட்ட வேண்டும். அந்தக் குழாய் ஒடுக்கமாக இருந்தால் அதன் சுவரிலிருந்தே எதிரொலி வரும். விடியற்காலையில் சென்சரின் முகத்தில் நீர்த்துளி திரண்டு நின்றாலும் எண் குதிக்கும். மலிவுச் சாமான் என்று இதை வாங்கிய இரண்டு பேர், மட்டம் ஏறி இறங்கி ஆடுகிறது என்று சொன்னார்கள். இரண்டு இடத்திலும் சென்சர் மூடியில்தான் இருந்தது.

அதைவிடச் சித்தப்பாவுக்கு நான் சொன்னது தண்ணீருக்குள் அடியில் கிடக்கும் அழுத்தச் சென்சர். தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நேராகவே சொல்லும், சூடும் நீராவியும் அதற்கு ஒன்றுமில்லை. தொழிற்சாலைகளில் பாவிக்கும் வகை, 4 முதல் 20 மில்லிஅம்பியர் என்று போட்டிருக்கும். விலை பல மடங்கு கூட. அதன் வயருக்குள் காற்றுக்காக ஒரு நுண் குழாய் போகும். அந்த நுனி ஈரம் படாத பெட்டிக்குள் முடிய வேண்டும், மடிந்து நசுங்கக் கூடாது. 2 மீற்றர்த் தாங்கிக்கு 10 மீற்றர் அளக்கும் சென்சரை வாங்காதீர்கள். பிழையை முழு வீச்சில் சதவீதமாகத்தான் சொல்லியிருப்பார்கள், அரைச் சதவீதம் என்றாலும் 10 மீற்றரில் அது 5 சென்ரிமீற்றர்.

எந்தச் சென்சர் என்றாலும் போனுக்கு வரும் வழி பெரும்பாலும் வைஃபைதான். பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். இரண்டு ஸ்லாப் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், ரவுட்டருக்கு ஒரு சின்னப் பற்றரிப் பெட்டி வேண்டும். எண் வெளிநாட்டு சேர்வர் ஒன்றுக்குப் போய்த்தான் திரும்பி வருமென்றால் இணையம் இல்லாத நேரத்தில் போன் வெறுமையாக இருக்கும். ஆகவே கருவியின் பெட்டியிலேயே எண் தெரிகிற வகையைத்தான் வாங்க வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகம். கூரைக்கு நீண்ட வயர் ஓடும் எதற்கும் மின்னல் பாதுகாப்பு வையுங்கள், அல்லது அந்தப் பிற்பகல்களில் கழற்றி விடுங்கள்.

மூன்று இடத்திலும் என்ன செய்தோம்

அம்மா வீட்டில் மேல் தாங்கிக்கு லெவல் குழாய், கீழ்த் தாங்கிக்கு மிதவைக் குச்சி, இரண்டுக்கும் 12 வோல்ட்டில் புளோட் சுவிட்ச். போனில் ஒன்றுமில்லை. இரவில் தண்ணீர் வந்ததா என்பதை அப்பா காலையில் தேநீரோடு முற்றத்துக்குப் போய்க் குச்சி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். முழங்காலுக்கு மேல் நின்றால் அன்றைக்கு உடுப்புத் தோய்க்கலாம்.

அக்கா வீட்டில் கிணறும் உயரத் தூணில் 500 லீற்றர் தாங்கியும். தூண் உயரம், ஆகவே அங்கே தங்கூசியும் கப்பியும். கிணறு ஆவணி புரட்டாதியில் நன்றாக இறங்கிவிடும், அந்தக் கடைசித் தண்ணீரில் உவர்ப்பும் கூடும். அதற்காகக் கிணற்றிலும் ஒரு புளோட் சுவிட்சைத் தொங்கவிட்டோம், மோட்டரின் உறிஞ்சு குழாய் வாய்க்கு அரை மீற்றர் மேலே. மோட்டர் காய்ந்து ஓடாமல் அது காப்பாற்றுவது ஒன்று. கிணற்றை அடிவரை இறைத்து உப்பை மேலே இழுக்காமல் நிறுத்தி வைப்பது இன்னொன்று. அக்காவுக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

நிலாவெளியில் சித்தப்பாவிடம் நான்கு தாங்கி. நான்குக்கும் சென்சர் வாங்க அவர் தயாராக இருந்தார். நான்கையும் அடியில் ஒரே குழாயால் இணைத்து, ஒரே மட்டத்தில் நிறுத்தினால் ஒரு சென்சர் போதுமே என்று கேட்டேன். படுக்கையாக இருந்ததைத் தவிர மற்ற மூன்றும் ஒரே உயரம், இணைக்க முடிந்தது. அந்த மூன்றுக்கும் ஓர் அழுத்தச் சென்சர், பெட்டியில் எண், போனிலும் எண். படுக்கைத் தாங்கியைத் தோட்டத்துக்கு விட்டுவிட்டார். அங்கே வேலை செய்யும் தம்பி போன் பார்ப்பதில்லை, அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு லெவல் குழாயும் உண்டு. சென்சர் சொல்வது சரியா என்று இடைக்கிடை ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவுகிறது.

மாரி தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரை ஏறியபோது, வெறும் தாங்கிகள்தான் காற்றில் உருண்டன. நிரம்பிய 1000 லீற்றர் தாங்கி ஒரு தொன், வெறும் தாங்கியை ஒருவர் தனியாகத் தூக்கிவிடலாம். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் கரண்ட் போவதற்கு முன் மூன்று வீட்டிலும் மேல் தாங்கியை மேல்கோடு வரை ஏற்றிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்கு முன் நுளம்பு வலைகளை மாற்ற வேண்டும், லெவல் குழாயைக் கழுவ வேண்டும். அக்கா வீட்டுக் கப்பி இப்போதே கிறீச்சிடுகிறது. தங்கூசிக்கு ஒன்றும் ஆகவில்லை.